பசையும் பிடியும்

மனிதன் தனித்து வாழும் பிராணி அல்லன். பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள்வரை அவன் ஏதேனும் ஒன்றனோடு பிணைக்கப்பட்டே இருக்கின்றான். தாயோடு ஒரு பிணைப்பு. மண்ணோடு ஒரு பிணைப்பு. தொழிலோடும் கடனோடும் கொடுத்த வாக்கோடும் வேறு வேறு பிணைப்பு. இவற்றுள் ஒன்றுமே இல்லாத ஒருவனைக் கண்டால் நாம் அவனைச் சுதந்தரவான் என்று கொண்டாடுவதில்லை. நாதியற்றவன் என்று இரங்குகின்றோம். ஆனால் அப்பிணைப்பே சற்று இறுகிவிடுமாயின் அதனை விலங்கு என்று வைகின்றோம். ஆதலின், பிணைப்பு நன்றா தீதா என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. எந்தப் பிணைப்பு நன்று, எந்தப் பிணைப்பு தீது, இரண்டையும் பிரித்தறிதற்குரிய அளவுகோல் யாது என்பதே வினவத்தக்கதாம்.

இஃது ஓய்ந்திருப்போர் பொழுது போக்கிற்காகக் கிளப்பும் வினா அன்று. தோட்டத்தில் வாழும் நம்மவர் வாசற்படியில் இது நாள்தோறும் வந்து நிற்கின்றது. மகன் பட்டணத்திற்குப் போவதா, லயத்திலேயே இருப்பதா? மகளை மேற்படிப்பிற்கு அனுப்புவதா, கிடைத்த வேலையில் அமர்த்துவதா? பட்டணத்தில் கடை வைத்திருப்பாரும் இவ்வினாவிற்குத் தப்பியவர் அல்லர். தந்தை தொடங்கிய கடையை மைந்தன் தொடர்ந்து நடத்தவேண்டும் என்னும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று கேட்கும் இளைஞரை எல்லா ஊர்களிலும் காண்கின்றோம்.

இதனை ஆராய்வதற்குப் பெரிய தத்துவ ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. சிறு பிள்ளைகள் அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் செங்கல் ஒன்று போதும். நேயர்கள் நகைக்க வேண்டா. அச்சிறு பொருளின் வரலாற்றைச் சற்றுப் பொறுமையுடன் கேட்பாராயின், அதற்குள் ஒரு நீதி அடங்கியிருத்தலைத் தாமே காண்பர்.

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் என்னும் தச்சர் ஒருவர் வாழ்ந்தார். உலகெங்கும் தொழில் மந்தம் சூழ்ந்து, வீடு கட்டுவோர் அருகிப்போன 1932-ஆம் ஆண்டில், அவர் மரப் பொம்மைகள் செய்து விற்கத் தொடங்கினார். 'நன்கு விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் முற்பகுதிகளைக் கூட்டி, லெகோ என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். பின்னர், இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பார் செய்து விற்றுவந்த பிளாஸ்டிக் செங்கலைக் கண்டு, அதனைத் திருத்தி, 1949-ஆம் ஆண்டில் அவர்களும் அத்தகைய செங்கலை வெளியிட்டனர். 'தானே பிணையும் செங்கல்' என்பது அதற்கு இட்ட பெயர். பெயர் பெரிது, பிணைப்போ சிறிது. மேலே குமிழ்கள் இருந்தன. அடியில் வெறுங்கூடு இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் நிற்கும்; கட்டியதைத் தூக்கினாலோ சாய்த்தாலோ கழன்று விழும்.

இக்குறை தீர்வதற்கு ஒன்பது ஆண்டுகள் சென்றன. தச்சரின் மைந்தரான கோட்பிரெட் கிர்க் கிறிஸ்தியான்சென், 1958 ஜனவரி 28-ஆம் நாள், செங்கலின் உட்கூட்டில் சிறு குழல்களை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி மனுச் செய்தார். தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். அக்குழல் செய்யும் வேலை யாதெனின், கீழ்ச்செங்கலின் குமிழ் மேற்செங்கலின் சுவருக்கும் குழலுக்கும் இடையே புகுந்து, மூன்று பக்கமும் மெல்லக் கவ்வப்படுகின்றது. பசை இல்லை, ஆணி இல்லை, கயிறு இல்லை. அளவின் பொருத்தம் ஒன்றே பிடித்து நிறுத்துகின்றது. அந்த அளவு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேற் பிசகாதபடி அச்சுகள் செய்யப்படுகின்றன. ஆதலினாலேயே 1958-இல் வார்த்த செங்கலோடு இவ்வாண்டில் வார்த்த செங்கல் இன்றும் பொருந்துகின்றது.

இப்பிடியின் சிறப்பைக் கவனியுங்கள். வீடு கட்டினால் வீடு நிற்கும். தூக்கிக்கொண்டு ஓடினாலும் குலையாது. ஆயினும் ஐந்து வயதுக் குழந்தை தன் விரலால் இழுத்தால் விட்டுக்கொடுக்கும். விடவேண்டும்போது விடுகின்றது, அதுவரை விடுவதில்லை. விட்டபின் வேறொன்றனோடு முன்போலவே பொருந்துகின்றது.

அதனால் விளையும் பயனைக் கணக்கிட்டும் இருக்கின்றார்கள். எட்டுக் குமிழ் உடைய, ஒரே நிறமான செங்கல் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். மூன்றானால் 1,060 விதம். ஆறானால்? டேனிஷ் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் என்பாரும் அவருடன் ஆய்ந்தாரும் கணினியின் துணைகொண்டு எண்ணியபோது கிடைத்த தொகை 915,103,765. உள்ளங்கையில் அடங்கும் ஆறு துண்டுகளுக்குள் தொண்ணூற்றொரு கோடிக்கு மேற்பட்ட உருவங்கள் உறங்கிக் கிடக்கின்றன. இந்த எண்ணை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகின்றேன். பின்னர் இதற்கு வேலை உண்டு.

நிற்க. சிங்கப்பூர் மரினா விரிகுடாவின் கரையில், பத்து இதழ் விரித்த தாமரைபோல் ஒரு கட்டடம் நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். மோஷே சப்தி என்னும் சிற்பி வகுத்து, 2011-இல் திறக்கப்பட்ட கலை அறிவியல் பொருட்காட்சிசாலை அது. 2012 நவம்பரிலிருந்து அடுத்த ஆண்டிலும் சில மாதம் வரை, நேத்தன் சவாயா என்னும் அமெரிக்கர் லெகோ செங்கற்களால் ஆக்கிய சிற்பங்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அவர் நியூயார்க் நகரில் கம்பெனி வழக்குகளைக் கவனித்துவந்த வழக்கறிஞர். 2004-ஆம் ஆண்டில் அவ்வேலையைத் துறந்து, செங்கற் சிற்பமே வாழ்வு என்று புறப்பட்டவர். இருபது அடி நீளமுள்ள டைனோசரின் எலும்புக்கூடு ஒன்றை 80,020 செங்கல் கொண்டு கட்டியிருக்கின்றார். தன் மார்பைத் தானே இரு கைகளாலும் பிளக்க, உள்ளேயிருந்து மஞ்சட் செங்கற்கள் பொலபொலவென்று சரியும் மனித உருவமும் அவர் ஆக்கியதே.

அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில், ஜொகூரிலிருந்து கடற்பாலம் கடந்து நாங்கள் நால்வர் அதனைக் காணச் சென்றோம். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மற்றொருவர் எங்கள் தோட்டத்து எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை பார்த்த பெரியவர். அவருடைய மகள், ஐந்தாம் படிவத் தேர்வை எழுதி முடித்துப் பலனுக்குக் காத்திருந்தவள், உடன் வந்தாள். தோட்டத்துக் கிராணியாகிய நான் நான்காமவன்.

பெரியவர் எதனையும் இயந்திரக் கண்ணால் நோக்குபவர். டைனோசர் எலும்புக்கூட்டின் அருகில் நின்று, இவ்வளவு பாரத்தை இச்சிறு பிடிகள் எங்ஙனம் தாங்குகின்றன என்று வியந்து, காவலில் நின்ற இளைஞரை வினவினார். ஒவ்வொரு செங்கலும் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கின்றது என்று அவர் விடை கூறினார். பிழை நேர்ந்தால் சிற்பி உளியும் சுத்தியலும் கொண்டு பெயர்த்தெடுத்து மீண்டும் ஒட்டுவாராம்.

இதனைக் கேட்டதும் ஆசிரியர் முகம் வாடிற்று. "பசை இட்டபின் இது செங்கல் அன்று, அண்ணே, செங்கலின் பிணம். இனி இது வேறொன்றாக ஆக முடியாது. குழந்தை கையில் இருக்கும் ஆறு துண்டுகள் இந்த எண்பதினாயிரத்தினும் உயர்ந்தவை" என்றார்.

பெரியவர் உடன்படவில்லை. "வாத்தியாரே, ஆலையில் ஒரு போல்ட்டு கழன்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாது. கழலக்கூடாத இடத்தில் கழலாமல் இருப்பதுதான் யோக்கியதை. இச்சிற்பம் கப்பலேறி ஊர் ஊராய்ப் போகின்றது. பசை இல்லையேல் வழியிலேயே உதிர்ந்து போயிருக்கும். நாம் வந்து பார்ப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?" என்றார்.

இருவர் கூற்றும் நியாயமாகவே எனக்குப்பட்டன. ஆயினும் அவர்கள் வாதித்தது செங்கலைப் பற்றி மட்டும் அன்று என்பது எங்கள் நால்வருக்கும் தெரிந்தே இருந்தது. அதனை ஈண்டு விளக்கிச் சொல்லுதல் வேண்டும்.

தோட்டத்தில் வீடு தொழிலோடு வருவது. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை நீங்கினால் கூரையும் நீங்கும். முப்பது ஆண்டு உழைத்தவர் ஓய்வு பெறும்போது, குறித்த நாளுக்குள் வீட்டைக் காலி செய்க என்னும் கடிதமும் அவர் கைக்கு வருகின்றது. அத்தகைய கடிதங்களைத் தட்டெழுதிப் பதிவேட்டில் எண்ணிடும் வேலை எங்கள் காரியாலயத்தைச் சேர்ந்தது. ஆதலின் இது கேள்விப்பட்ட செய்தி அன்று. பெரியவர்க்கு ஓய்வு நாள் நெருங்கியிருந்தது. காரியாலயத்தில் ஓர் இளங்கிராணி வேலை காலியாக இருந்தது. மகள் அதில் அமர்ந்தால் அதே வீடு அவள் பெயருக்கு மாறும். கிழவனும் கிழவியும் நட்ட முருங்கை மரத்தடியிலேயே காலம் கழிக்கலாம். மகளுக்கோ தாதிப் பயிற்சிக்குப் போக ஆசை. ஆசிரியர் அவள் பக்கம். தகப்பனார் வீட்டின் பக்கம். இவ்வழக்கே பொருட்காட்சிசாலையில் செங்கலின் பெயரால் நடந்துகொண்டிருந்தது.

அப்பொழுது அப்பெண் ஒரு கேள்வி கேட்டாள். வாதத்திற் புகும் எண்ணத்தோடு கேட்டாள் என்று சொல்ல முடியாது, சிற்பத்தையே பார்த்துக்கொண்டு, "அப்பா, இத்தனையையும் அவரே ஒட்டினாரா, வேறு யாராவது ஒட்டிக் கொடுத்தார்களா?" என்றாள்.

அக்கேள்வி என் நெஞ்சில் தங்கிவிட்டது. பசை நன்றா தீதா என்று ஆசிரியரும் பெரியவரும் வாதித்தனர். பசையை இட்டவர் யார் என்று அச்சிறு பெண் வினவினாள். நாம் தேடும் அளவுகோல் அவள் வினாவிலேயே கிடைக்கின்றது என்று கருதுகின்றேன்.

சவாயா என்பாரையே எடுத்துக்கொள்வோம். அவர் வழக்கறிஞர் தொழிலிலிருந்து கழன்றார். சிற்பத் தொழிலோடு தம்மை ஒட்டிக்கொண்டார். முன்னது எளிதிற் கழலும் பிடி. பின்னது கழலாத பசை. ஆயினும் அவரை அடிமை என்பார் யாரும் இலர். ஏனெனில் அப்பசையைத் தம் கையால் தமக்கே இட்டுக்கொண்டார். தன் கையால் தனக்கு இட்ட பசை நோன்பு; பிறன் கையால் இடப்பட்ட பசை விலங்கு. ஒருவன் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுக்கின்றான். ஒருத்தி நோயாளிகளுக்குத் தொண்டு செய்வேன் என்று உறுதி பூணுகின்றாள். ஓர் ஆசிரியர் உட்கிராமத்துப் பள்ளியை விட்டு நீங்கேன் என்று தமக்குத் தாமே விதித்துக்கொள்கின்றார். இவை யாவும் பசையே. தொண்ணூற்றொரு கோடி வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஏனையவற்றை மனமறிந்து கைவிடுதலே உறுதி எனப்படும். எந்நாளும் எதனோடும் ஒட்டாமல் எல்லா வழியும் திறந்திருக்கவேண்டும் என்று நிற்பவன் ஒரு வீடும் கட்டமாட்டான். அவன் பெட்டிக்குள் கிடக்கும் செங்கல். ஆதலின் பெரியவர் பசையைப் புகழ்ந்தது தவறன்று.

அற்றேல், பிறன் இட்ட பசை எத்தகையது? நம் முன்னோர் வரலாறே சான்று. ஒப்பந்தக் கூலிமுறையில் மலாயாவிற்கு வந்தவர்கள், ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் அது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. வேலையை விடுதல் எந்த நாகரிக தேசத்திலும் குற்றமாகாது. இங்கோ சிறைக்கு அனுப்பும் குற்றமாயிற்று. 1910-ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. நீக்கியதன் காரணம் எதுவாயினும், மனிதனைப் பசையிட்டு மண்ணில் ஒட்டுதல் தகாது என்பதை உலகம் ஒருவாறு ஒப்புக்கொண்டது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். "ஒப்பந்தத்திற் கைநாட்டு வைத்தவன் அக்கூலியே அன்றோ? அவன் கையால் அவனே இட்டுக்கொண்ட பசைதானே? நும் இலக்கணப்படி அது நோன்பாகும் அன்றோ?" என்று கேட்பாராயின், அது வலிய தடையே. அதனை எளிதில் தள்ளிவிடுதல் கூடாது.

விடை யாதெனின், கை தன்னுடையதாய் இருத்தல் மட்டும் போதாது. கண் திறந்திருத்தல் வேண்டும். வேறு வழியும் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதவன் முன் வாசிக்கப்படாத ஒரு காகிதத்தை நீட்டி, பசித்த வயிற்றோடு நின்ற அவன் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்தவர் வேறொருவர். கையை அசைத்தது பசி. காகிதத்தை எழுதியது ஏஜெண்டு. கைக்கு உடையவன் இடையில் நின்ற கருவி. ரப்பர்ப் பாலில் அமிலத்தை விட்டால் சிறிது நேரத்தில் உறைந்துவிடுகின்றது. உறைந்தபின் அதனை மீண்டும் பாலாக்க எவராலும் இயலாது. உறைந்தது பால்தான், ஆயினும் பால் தானே விரும்பி உறைந்தது என்று சொல்வாருண்டோ? அமிலத்தை விட்டவர் யார் என்றே கேட்கவேண்டும். ஆகவே, அறிந்து, வேறு வழி இருந்தும், தானே இட்டுக்கொண்டதே நோன்பு. இம்மூன்றில் ஒன்று குறையினும் அது விலங்கின் இனமே.

இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. "தாய் தந்தையரைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. அறிந்தும் இட்டுக்கொள்ளவில்லை, வேறு வழியும் இல்லை. ஆகவே பெற்றோர் பிணைப்பும் விலங்கோ?" இப்படிச் சொல்லிப் பெற்றோரை மறந்து திரியும் சில இளைஞர் உளர். அவர்கள் நமது வாதத்தைத் தமக்குத் துணையாகக் கொள்ள வேண்டா.

உலகில் பிணைப்பு பசை ஒன்றே அன்று. பிடி என்பது வேறு. 1949-ஆம் ஆண்டுச் செங்கலுக்கும் 1958-ஆம் ஆண்டுச் செங்கலுக்கும் உள்ள வேற்றுமையை நினைவு கூர்க. முன்னது வெறுங்கூடு, சாய்த்தால் விழும். பின்னதன் உள்ளே, வெளியிற் காணப்படாத குழல் இருக்கின்றது. நல்ல குடும்பத்தின் பிணைப்பு அத்தகையது. பத்து மாதம் சுமந்ததும், காய்ச்சலில் கண்விழித்ததும், தான் உண்ணாமல் ஊட்டியதும் உள்ளே குழலாய் அமைந்திருக்கின்றன. அப்பிடியை எவரும் இட்டதில்லை, பொருந்தி வளர்ந்தது. அதற்குரிய சோதனை ஒன்றே. பிரித்துப் பார்க்கவேண்டும். பிரிந்தபின் முன்போலவே மீண்டும் பொருந்துமாயின் அது பிடி. பிரிந்தால் உடையும், உடைந்தால் பொருந்தாது என்னும்படி இருந்தால் அது பசை. "நீ போனால் என் முகத்தில் விழிக்காதே" என்று சொல்லும் தகப்பன் தன் அன்பைத் தானே பசையாக்கிக்கொள்கின்றான். உளியால் பெயர்த்த செங்கலின் விளிம்பு மழுங்கிவிடும். பின்னர் அது தன் இடத்திலும் சரியாக உட்காராது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே என் மனத்தை மிகவும் வருத்தியது. ஆசிரியர் விடுதலையைப் பற்றி அழகாகப் பேசினார். ஆனால் அவ்விடுதலைக்கு விலை கொடுப்பவர் யார்? மகள் பயிற்சிக்குப் போனால் கிழவருக்குக் கூரை போகும். ஒருவர் விடுதலையை இன்னொருவர் தலைக்கு மேலிருக்கும் தகரத்தை விற்று வாங்குவது என்றால், அதனைப் புகழ்வதற்குப் பேசுகின்றவர் தகரம் பத்திரமாய் இருக்கவேண்டும். பெரியவரைச் சுயநலமுடையவர் என்று பழிப்பவர், கடிதம் வந்த நாளில் அவர் இடத்தில் நின்று பார்க்கவேண்டும்.

சவாயா ஆக்கிய சிற்பங்களுள் 'பிடி' என்று பெயர் சொல்லத்தக்க ஒன்றனைப் படத்திற் கண்டிருக்கின்றேன். சிவந்த உருவம் ஒன்று முன்னே அடியெடுத்து வைக்க முயல்கின்றது. பின்னாலிருந்து சாம்பல் நிறக் கைகள் பல அதனைப் பற்றி இழுக்கின்றன. அக்கைகளுக்கு முகமில்லை, அவை சுவரிலிருந்தே முளைத்திருக்கின்றன. இதனைக் கண்டபோது எங்கள் பெரியவரின் வழக்கு முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. மகளைப் பிடித்திருந்தவை தகப்பனின் கைகள் அல்ல, சுவரே பிடித்திருந்தது. வேலையோடு வீட்டை ஒட்டிவைத்த ஏற்பாடு, தகப்பனின் அன்பையே பசையாக எடுத்து மகள்மீது பூசுகின்றது. தந்தையும் மகளும் ஒருவரையொருவர் நோகின்றனர். பசைச் சட்டியை வைத்திருப்பவரை இருவரும் காண்பதில்லை. நம் குடும்பங்களில் நடக்கும் சண்டைகள் பலவற்றில் இதுவே உண்மை. எதிரில் நிற்கும் முகத்தை வைகின்றோம். பின்னாலிருக்கும் சுவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவ்வழக்கு எங்ஙனம் முடிந்தது என்று நேயர்கள் கேட்பர். மகள் பயிற்சிக்குப் போனாள். பெரியவரே கையொப்பமிட்டு அனுப்பினார். ஓய்வு நாள் வந்தது, வீடு காலியாயிற்று, பட்டணத்தில் நான்காவது மாடியில் ஒரு வாடகை வீட்டிற்குக் குடிபோயினர். யாவும் நன்றாய் முடிந்தது என்று சொல்லிக் கதையை அழகுபடுத்த எனக்கு மனமில்லை. அம்மையார் முருங்கை மரத்தையும் கோயில் மணியோசையையும் நினைத்து நெடுநாள் வருந்தினார். படியேறுவதும் அவருக்கு எளிதன்று. ஆனால் மகள் தாதியானாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்திலிருந்து செல்கின்றது. விடுமுறை தோறும் வருகின்றாள். ஒருமுறை பெரியவரைக் கண்டபோது, "வீடு கழன்றுபோயிற்று, தம்பி, மகள் கழலவில்லை" என்றார். பசையைப் போற்றியவர் வாயிலிருந்து பிடியின் இலக்கணம் வந்தது. எனினும் அந்த வீட்டை இழந்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மையே. அவர் மனம் பெரிது என்பதனால் நேர்ந்த இழப்புச் சிறிதாகிவிடாது.

ஆகவே, நல்லுரை கூறிக் கலைந்துபோதல் போதாது. சுவரைத் திருத்துவதற்கு வழி உண்டா என்று பார்த்தல் வேண்டும். 1950-களிலும் அதன்பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தெருவில் நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் கூலியில் சிறு தொகையைத் தவணையாகக் கட்டி, பலர் கூடி, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கினர். இதனைச் செங்கலின் மொழியிற் சொல்வதாயின், ஒரு குமிழின் பிடி அற்பம். பல குமிழ்கள் ஒருங்கே கவ்வினால் சுவர் நிற்கும். ஒருவரையும் ஒட்டாமல், ஒவ்வொருவரும் தாமே வந்து பொருந்தி நின்ற பிணைப்பு அது. மேலிருந்து ஒருவர் பசை பூசினால்தான் நாம் ஒன்றாய் நிற்போம் என்பாருக்கு அதுவே மறுமொழி.

இன்று நம் ஒவ்வொருவராலும் இயன்றது ஒன்றுண்டு. ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்குதற்குப் பணம் எடுக்க வழி இருக்கின்றது. ஓய்வு நாள் நெருங்கியபின் அதனை எண்ணுவதைவிட, பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே எண்ணுதல் நன்று. தகப்பன் தன் பெயரில் ஒரு சிறு வீட்டை உடையவனாகும் நாளில் மகனும் மகளும் விடுதலை அடைகின்றனர். பிள்ளைகளுக்குச் சொத்து வைப்பதைப் பற்றிப் பேசுகின்றோம். பெற்றோர் தமக்கென ஒரு கூரை தேடிக்கொள்வதே பிள்ளைகளுக்கு வைக்கும் முதற் சொத்து என்பதை நம்மவர் உணரவேண்டும். அக்கூரை இருக்குமானால், "நான் இருக்கின்றேன், நீ போய் வா" என்னும் சொல் தகப்பன் நாவில் தடையின்றி வரும்.

படித்த இளைஞர்க்கும் ஒரு சொல். உங்கள் கையில் தொண்ணூற்றொரு கோடி வழிகள் இருக்கலாம். அவற்றை எண்ணிக்கொண்டே காலத்தைக் கழித்தல் விடுதலை ஆகாது. நன்கு அறிந்து, ஏனைய வழிகளையும் கண்டு, உங்கள் கையாலேயே ஒன்றனோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அங்ஙனம் ஒட்டிக்கொண்டபின், உங்களை வளர்த்த செங்கலை விட்டுப் பிரிந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள். குழல் உள்ளே இருக்கும்வரை இடம் மாறினாலும் பொருத்தம் மாறுவதில்லை.

பெற்றோர்க்கும் முதலாளிக்கும் சமூகத் தலைவர்க்கும் கூறத்தக்கது இதனினும் சுருக்கமானது. பிறரை ஒன்றனோடு நிலையாக ஒட்ட விரும்பும்போது, பசையை அவர்மேல் பூசுதற்கு முன், அதே பசையில் தம் விரலைத் தோய்த்துக்கொள்ள நாம் உடன்படுவோமா என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடன்படோம் என்று நம் மனம் சொல்லுமாயின், அந்தச் சட்டியைக் கீழே வைத்துவிடுதலே அறமாம்.